ஆயா மடியும் பேபி சீட்டும்

போன மாதம் சீட் கவர் துணிகளைப் பற்றி எழுதியபோது, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பேபி சீட் இல்லாமல் காரை எடுக்காதீர்கள் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த இரண்டு வரிக்குத்தான். நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருபத்தேழு வருஷமாகக் கார் சீட் தைக்கிறவன். இந்தப் பேபி சீட்டை மாட்டித் தரச் சொல்லி வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது கடைக்கு வருகிறார்கள். சீட்டோடு வருகிற புத்தகங்களைப் படித்தும், என் கையால் மாட்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். கேட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஏழரை கிலோ இருக்கிறாள். வாரம் ஒரு தடவை கடலூரிலிருந்து பாண்டிக்கு, அம்மா வீட்டுக்குக் காரில் போகிறோம். பேபி சீட் வாங்கலாம் என்றால் மாமியார் வருத்தப்படுகிறார். “என் மடியைவிடப் பத்திரமான இடம் எது?” என்கிறார். முக்கால் மணி நேரப் பயணத்துக்கு எதற்கு என்கிறார் கணவர். என்ன சொல்லிப் புரிய வைப்பது? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, உங்கள் மாமியார் கேட்டதைத்தான் என் அம்மாவும் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தெரியாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். நீங்கள் போகிற அதே சாலைதான். கிருமாம்பாக்கம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். மனைவி முன்சீட்டில், குழந்தை அவள் மடியில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. வேகம் நாற்பதுக்குள். சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் சட்டென்று சாலையில் ஏறிவிட்டார், நான் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். அவர் மேல் படவில்லை. வண்டி எதிலும் இடிக்கவும் இல்லை. ஆனால் குழந்தை முன்னால் போய், டேஷ்போர்டு விளிம்பில் புருவம் பட்டு, மூன்று தையல். மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். “பிடித்திருந்தேனே, பிடித்திருந்தேனே” என்று அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகளுக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் புருவ முடி வளராது.

அது வெறும் பிரேக். மோதல் என்றால் கணக்கே வேறு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒன்றில் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் உள்ளே இருக்கிற எதையும் பிடித்து நிறுத்த, அதன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு பலம் வேண்டும். உங்கள் மகள் ஏழரை கிலோ என்றால் 150 கிலோ. மூன்று சிமெண்ட் மூட்டை. மூன்று மூட்டை ஒரே சமயத்தில் கையை உதறிக்கொண்டு பாய்ந்தால் யாரால் பிடிக்க முடியும்? உங்கள் மாமியாரின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. இவ்வளவு பலம் மனிதக் கைக்கு கிடையாது, அவ்வளவுதான்.

சிலர், பெரியவர் போடுகிற பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. மோதும்போது பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சீட்டைப் பின்பக்கம் மாட்டி, பக்கத்து இடத்தை அவருக்குக் கொடுங்கள். கைக்குழந்தை வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பதால், முன்னால் இருக்கிற உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. ஆயா முகம்தான் தெரியும். வார் சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிற வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். இப்போது அவர் பார்த்து ‘சரி’ என்று சொல்லாமல் மகன் சாவியைத் திருப்புவதில்லை.

கணவரிடம் சட்டத்தையும் சொல்லுங்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வந்த 194 பி பிரிவின்படி, பதினான்கு வயது ஆகாத குழந்தையை பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

கேள்வி: பிரான்சில் இருக்கிற என் அண்ணன், அவர் மகனுக்குப் பயன்படுத்திய பேபி சீட்டை வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். ஐந்து வருஷம் ஆனது. வாங்கிக்கொள்ளலாமா, இங்கேயே புதிதாக வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? எங்களுக்கு அடுத்த மாதம் பிரசவம். (வாசகர், முத்தியால்பேட்டை)

நம் பாண்டியில் பாதி வீட்டுக்கு இந்தக் கேள்வி வரும். சொந்த அண்ணன் கொடுக்கிறார் என்பதால் ஒரு வசதி இருக்கிறது: கேட்டால் உண்மையைச் சொல்வார். அந்த சீட் இருந்த கார் எப்போதாவது விபத்தில் பட்டதா என்று முதலில் கேளுங்கள். பட்டது என்றால் வேண்டாம். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, சீட்டைக் கவிழ்த்துப் போட்டால் அடியிலோ முதுகிலோ தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். எத்தனை வருஷம் பயன்படுத்தலாம் என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருஷம். மூன்றாவது, பச்சைக் குழந்தைக்கு வைக்கிற உள்மெத்தை, வார், பக்கிள், புத்தகம் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். காரின் பின்சீட்டுக்குள் இருக்கிற கம்பியில் பெல்ட் இல்லாமல் நேராகப் பூட்டுகிற முறைக்கு ஐசோஃபிக்ஸ் என்று பெயர்; அந்தக் கொக்கிகளின் அளவு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் விற்கிற பழைய சீட் என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் நம்ப முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

சீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் எந்த நாட்டில் அனுமதி வாங்கியது என்பதைச் சொல்லும், 2 என்றால் பிரான்ஸ். அதைவிட முக்கியம் ‘ஆர் 44’ என்று இருக்கிறதா, ‘ஆர் 129’ என்று இருக்கிறதா என்பது. இரண்டும் பேபி சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதிகள். 44 பழைய விதி, குழந்தையின் எடையை வைத்துச் சொல்வது. 129 புதியது, உயரத்தை வைத்துச் சொல்வது, பக்கவாட்டில் இடிக்கிற சோதனையும் அதில் உண்டு. இரண்டும் கிடைத்தால் நான் 129-ஐத்தான் எடுக்கச் சொல்வேன். நம் நாட்டுத் தர விதிக்கு ஏ.ஐ.எஸ். 072 என்று பெயர். லேபிளே இல்லாமல், துணியில் நாலு வார் தைத்து, ‘கார் சீட்’ என்று ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு வருகிற சமாச்சாரத்தை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு என்று ஒன்றுமே இல்லை, வெறும் ஸ்பாஞ்ச். தைக்கிறவன் சொல்கிறேன், அந்தத் தையல் ஒரு மோதலைத் தாங்காது.

பிறந்த குழந்தைக்கு என்றால் 13 கிலோ வரை தாங்கும் கூடை மாதிரியான சீட் ஒரு வகை. பிறந்ததிலிருந்து 18 கிலோ வரை வருகிற, பிறகு திருப்பி வைக்கக்கூடிய சீட் இன்னொரு வகை. முதல் வகையில் பச்சைக் குழந்தை அழகாகப் பொருந்தும், ஆனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் வேறு வாங்க வேண்டும். ஒரே சீட்தான் வாங்க முடியும் என்றால் இரண்டாவது வகை. எதுவானாலும் கடையில் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் காரில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். விலை அதிகமான சீட் உங்கள் வண்டியில் ஆடும், விலை குறைந்தது பாறைமாதிரி உட்காரும். ஆடாததுதான் நல்ல சீட்.

முன்பக்கம் பார்த்து எப்போது திருப்பலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்தெலும்பு இன்னும் முற்றியிருக்காது, இடையிடையே குருத்தெலும்புதான். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதும்போது உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் போய்க் கழுத்தை இழுக்கும். பின்னால் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாக ஏந்திக்கொள்ளும். ஆர் 129 விதிப்படி குறைந்தது பதினைந்து மாதம் பின்பார்த்துத்தான். அதற்கு மேலும் சீட்டின் எடை, உயர அளவு இடம் கொடுக்கிறவரை அப்படியே விடுங்கள். கால் மடங்குகிறதே என்று திருப்பாதீர்கள். குழந்தைகள் சம்மணம் போட்டு சுகமாக உட்காரும். உச்சந்தலைக்கு மேலே ஓட்டின் விளிம்பு ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை என்றால் அப்போதுதான் சீட் சின்னதாகிவிட்டது.

பிரசவத்துக்கு முன்பே சீட்டை வாங்கி நாலு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஆம்புலன்ஸ் ஹார்ன் அடிக்கும்போது முதல்முறையாகப் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: மனைவி வேலைக்குப் போய்விடுவதால் நான் தனியாகக் குழந்தையைக் கூட்டிப்போகிறேன். கண் பார்வையில் இருக்கட்டும் என்று முன்சீட்டில் மாட்டலாமா? (வாசகர், கோரிமேடு)

கூடாது. 2021-இலிருந்து புதுக் கார்களில் முன்னால் உட்காருகிறவருக்கும் ஏர்பேக் கட்டாயம். பின்பார்த்த சீட்டின் முதுகு டேஷ்போர்டை ஒட்டி இருக்கும், குழந்தையின் தலை அதற்கு அடுத்தாற்போல் இருக்கும். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரிந்து அந்த முதுகில்தான் அறையும். உயிரே போகும். வெயில் மறைப்பானில் இதற்கான எச்சரிக்கைப் படம் இருக்கிறதே, அதை ஒருமுறை பாருங்கள். பின்சீட்டில் இடது பக்கம் மாட்டுங்கள், சாலை ஓரமாக நின்று ஏற்றி இறக்கலாம். குழந்தை அழுதால் ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கார் பழசு. அதில் ஐசோஃபிக்ஸ் இல்லை. பெல்ட்டில் மாட்டுகிற பேபி சீட் வாங்கினோம். எவ்வளவு இழுத்தும் ஆடுகிறது. என்ன செய்வது? (வாசகி, நெல்லிக்குப்பம்)

இல்லை என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி, எங்கள் வண்டியில் ஐசோஃபிக்ஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் முதுகும் அடியும் சேருகிற மடிப்பில் விரலை விட்டேன். ரெக்சினுக்கு அடியில் பென்சில் கனத்தில் கம்பி தட்டுப்பட்டது. 28 செண்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டையும் மூடித் தைத்திருந்த அந்தக் கவர், என் கடையில் நான் தைத்தது. எத்தனை வண்டியில் இப்படி மூடிவிட்டேனோ என்று நினைத்தபோது உட்கார்ந்துவிட்டேன். அன்றே பிளேடால் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பழைய வாடிக்கையாளர்களுக்கும் போன் செய்து வரச் சொன்னேன். நீங்கள் வெளியே எங்கே கவர் தைத்திருந்தாலும் அந்த மடிப்பைத் தடவிப் பாருங்கள். கம்பி இருந்தால் காசு மிச்சம் பார்க்காமல் ஐசோஃபிக்ஸ் சீட்டுக்கு மாறிவிடலாம். கொக்கி இரண்டும் ‘டக்’கென்று விழுந்து பச்சை தெரியும், தப்பாக மாட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. அதோடு மேலே இழுத்துக் கட்டுகிற வார் அல்லது தரையில் ஊன்றுகிற கால், எது கொடுத்திருக்கிறார்களோ அதையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். அந்தக் காலை தரையில் இருக்கிற சாமான் பெட்டியின் மூடிமேல் ஊன்றாதீர்கள், மூடி உடைந்து உள்ளே இறங்கிவிடும். மேல் வாரை டிக்கியில் பை மாட்டுகிற கொக்கியில் மாட்டுவதும் தப்பு. அதற்கென்று தனி வளையம் இருக்கும்.

சரி, கம்பி இல்லவே இல்லை என்றால் பெல்ட்டிலேயே சரியாக மாட்டலாம். அதுவும் பத்திரமானதுதான், ஆனால் கை வேலை அதிகம். இடுப்பில் மட்டும் வருகிற நடு பெல்ட் வேண்டாம், தோளும் இடுப்பும் சேர்ந்த ஓரத்துப் பெல்ட்டை எடுங்கள். அடியில் மெத்தை, துண்டு, பாய் எது விரித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். வழவழப்பான ரெக்சின் கவரும் சறுக்கும், முடிந்தால் அந்த ஒரு இடத்தில் கழற்றிவிடுங்கள். ஆர் 44 லேபிள் போட்ட சீட்டில் பெல்ட் போகிற பாதையில் நிறம் இருக்கும். பின்பார்த்து வைக்கும்போது நீலம், முன்பார்த்து வைக்கும்போது சிவப்பு. நீங்கள் வைக்கிற பக்கத்துக்கு உரிய நிறத்தின் வழியாக, முறுக்கு விழாமல் பெல்ட்டை ஓட்டி மாட்டுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். ஒரு கையாலோ முழங்காலாலோ உங்கள் உடல் எடையைப் பேபி சீட்டின்மேல் போட்டு, கார் சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்குகிற அளவுக்கு அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் முதலில் இடுப்புப் பக்கப் பெல்ட்டை இழுங்கள், தளர்வு எல்லாம் தோள் பக்கம் வரும். பிறகு தோள் பக்கத்தை இழுத்து மேலே ஏற்றுங்கள். நம் வண்டிப் பெல்ட் திடீரென்று இழுத்தால்தான் பூட்டும், மெதுவாக இழுத்தால் தளர்ந்துகொண்டே வரும். அதனால்தான் உங்களுக்கு ஆடுகிறது. பல சீட்டுகளில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப் வைத்திருப்பார்கள், அதை அழுத்திப் பூட்டிய பிறகே முழங்காலை எடுங்கள். அப்புறம் பெல்ட் போகிற இடத்தில் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். காரின் பெல்ட் பக்கிள் பேபி சீட்டின் விளிம்பில் மடங்கி உட்கார்ந்தால் மட்டும் அந்த இடத்தை மாற்றுங்கள், அழுத்தத்தில் பக்கிள் உடையலாம்.

எவ்வளவு செய்தும் நகர்ந்தால் அந்த சீட் உங்கள் வண்டிக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை இல்லாத நேரத்திலும் சீட்டைப் பூட்டியே வையுங்கள். காலியான சீட்டும் பறந்து வந்து இடிக்கும். உங்கள் பக்கத்துப் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் இதே கணக்குதான். பத்து கிலோ பழம் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வேண்டாம், டிக்கியில் வையுங்கள்.

கேள்வி: சீட்டில் போட்டதுமே வீறிட்டு அழுகிறான். வியர்க்கிறது. தூங்கினால் தலை தொங்குகிறது. பாவமாக இருக்கிறது என்று எடுத்துவிடுகிறோம். திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுவிட்டு வரும்போதும் அப்படித்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம். நான்கு மாதக் குழந்தை. (வாசகி, அரியாங்குப்பம்)

தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு இது புது இடம்தானே. வீட்டுக் கூடத்தில் சீட்டை வைத்து, பகலில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் நீங்கள் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். ஒரு வாரத்தில் அது அவன் இடமாகிவிடும். வீட்டில் அதிலேயே தூங்க மட்டும் விடாதீர்கள்.

தலை தொங்குவதைச் சும்மா விடக் கூடாது. மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும். சீட் நிமிர்ந்து இருக்கிறது என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கு 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். பல சீட்டுகளில் பக்கத்தில் கோடோ குமிழோ வைத்திருப்பார்கள், வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். தலைக்கு அண்டை கொடுக்கிறேன் என்று கடையில் விற்கிற தலையணை வாங்கி வைக்காதீர்கள். சீட்டோடு வந்தது மட்டும்தான் உள்ளே இருக்கலாம்.

அழுகிறான் என்று வாரைத் தளர்த்துகிறவர்கள் நிறைய. பின்பார்த்த சீட்டில் வார் தோளுக்கு நேராகவோ கொஞ்சம் கீழே இருந்தோ வர வேண்டும். மாட்டி இறுக்கிய பிறகு காறையெலும்புக்கு மேலே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து வாரை நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. கிள்ளுவதற்கு முன்னால் இடுப்பைத் தடவிப் பாருங்கள், அரைஞாண் கயிற்றில் தாயத்தோ வெள்ளிக் காசோ கட்டியிருந்தால் பக்கிள் அதன்மேல் உட்கார்ந்து அழுத்தும். பாதிக் குழந்தை அதனால்தான் அழுகிறது என்று எனக்குத் தோன்றும். தாயத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். துண்டில் சுற்றியபடி வார் மாட்டாதீர்கள், மாட்டிய பிறகு மேலே போர்த்துங்கள்.

வெயில் காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது சீட்டின்மேல் வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். கத்திரி வெயிலில் பக்கிள் இரும்பு சுடும், குழந்தையை உட்கார வைக்கும் முன்னால் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்துவைத்து, ஏ.சி.யைப் போட்டு, உள்ளே ஆறிய பிறகு ஏற்றுங்கள். குழந்தை உள்ளே இருக்கும்போது சீட்டைத் துணியால் மூடக் கூடாது, காற்று போகாது. பூ வாங்கிவிட்டு வருகிறேன் என்று இரண்டு நிமிஷம்கூட வண்டிக்குள் தனியாக விடக் கூடாது. வியர்வை, பால் பட்ட வாரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஊற வைத்துத் துவைத்தால் நூல் பலம் போய்விடும். பக்கிளில் எண்ணெய் விடவும் வேண்டாம்.

நீண்ட பயணம் என்றால் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். நான்கு மாதப் பிள்ளையை ஒரே மூச்சில் சென்னைக்கு ஓட்டாதீர்கள். மரக்காணம் தாண்டி ஒரு இடம், மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு இடம் என்று நிறுத்தி, வெளியே எடுத்து, பால் கொடுத்து, தோளில் போட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள். வழியில் பசித்து அழுதாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் வாரைக் கழற்றாதீர்கள்.